கடலில் ‘வீணாக’க் கலக்கும் தண்ணீரும் ஒரு எம்.ஏ. விண்ணப்பமும்

பாமணியாறு · ஜூன் 14, இரவு 10.20

பி.எஸ்சி. வேளாண்மை நாலு வருஷம் முடிச்சாச்சு. அடுத்து என்விரான்மென்டல் எதிக்ஸ், தமிழ்ல சூழல் அறவியல்ங்கறாங்களே, அதுல எம்.ஏ., முடிஞ்சா பி.எச்.டி. அமெரிக்கா, இங்கிலாந்து ரெண்டும் பார்க்கிறேன். இங்கேயே நெட் (யு.ஜி.சி.யோட தேசியத் தகுதித் தேர்வு) எழுதிப் படிக்கலாமான்னும் யோசனை.

எஸ்.ஓ.பி.க்கு, அதான் விண்ணப்பத்தோட வைக்கற நோக்க அறிக்கைக்கு, முதல் வரி ரெடி: “சங்கத் தமிழரின் ஐந்திணைக் கோட்பாடே உலகின் முதல் ஆழ்சூழலியல்.” ஆய்வுத் தலைப்பும் ரெடி: காவிரித் தண்ணி வருஷா வருஷம் கடல்ல வீணாப் போகுது, அதைத் தடுக்கறது நம்ம அறக்கடமை. எப்படி இருக்கு?

கடைமடை · ஜூன் 15, காலை 6.05

முதல் வரி வேண்டாம். தலைப்பில் ஒரு நல்ல ஆய்வு ஒளிந்திருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற பக்கத்தில் இல்லை. இரண்டையும் தனியாகப் பேசுவோம். முதலில் படிப்பு.

இது தத்துவத் துறைப் படிப்பு. மண் பரிசோதனை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எதுவும் வராது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, முதல் பருவத்தில் கான்ட்டையும் குறியீட்டுத் தர்க்கத்தையும் பார்த்து முழிக்கிறவர்கள் உண்டு. துறைக்கு வயது ஐம்பது சொச்சம்தான். 1971-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஸ்டீவன்ஸ் பாயின்ட்டில் காலிகாட் இதை ஒரு பாடமாக நடத்த ஆரம்பித்தார். 1973-இல் பல்கேரியாவின் வார்னாவில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில் ரௌட்லி ‘கடைசி மனிதன்’ வாதத்தை வைத்தார். மனிதப் பயனைத் தாண்டி இயற்கைக்கே மதிப்பு உண்டு என்கிற ஆழ்சூழலியலைப் பற்றி நெஸ் எழுதியதும் அதே வருஷம். 1975-இல் ரோல்ஸ்டனின் கட்டுரை, 1979-இல் துறைக்கென்றே ஓர் இதழ். எல்லாவற்றுக்கும் முன்னால் 1949-இல் லியோபோல்டின் நில அறம்: மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த சமூகத்துக்கும் நமக்குக் கடமை உண்டு என்பது.

இடங்கள். டெக்சாஸ் டென்டனில் உள்ள நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எச்.டி. இரண்டும் இருக்கின்றன, இந்தத் துறைக்கு அதுதான் பழைய கேந்திரம். மிசூலாவில் மொன்டானா பல்கலைக்கழகம், சூழல் தத்துவத்தில் எம்.ஏ. மட்டும். ஃபோர்ட் காலின்ஸில் கொலராடோ ஸ்டேட், ரோல்ஸ்டன் வேலை பார்த்த இடம், அங்கேயும் தத்துவத்தில் எம்.ஏ. வரைதான். ஆரிகனில் சூழல் ஆய்வுப் பி.எச்.டி.க்குச் சேர்ந்து தத்துவத்தை மையத் துறையாக எடுக்கலாம். இங்கிலாந்தில் லான்காஸ்டர். அங்கே எம்.ஏ. என்றால் ஒரே வருஷம், 180 கிரெடிட், அதில் பொதுவாக 60 ஆய்வேட்டுக்குப் போய்விடும். செப்டம்பரில் இறங்கினால் ஜனவரியிலேயே தலைப்பு கேட்பார்கள். தத்துவம் முன்னே படிக்காதவருக்கு அந்த ஒரு வருஷம் மூச்சு முட்டும்.

உங்களுக்கு ஒரு வசதி: வேளாண்மை நாலு வருஷப் பட்டம். மூன்று வருஷ பி.ஏ.க்காரர்களுக்கு அமெரிக்காவில் வரும் ‘16 வருஷப் படிப்பு’ தகராறு உங்களுக்கு இல்லை.

வரப்பெலி · ஜூன் 15, மதியம் 1.40

நெட் பத்தி நான் சொல்றேன். நாலு வருஷப் பட்டத்துல 75 சதவீதம் இருந்தா, பி.எச்.டி. பண்ணப் போற பாடத்துலயே நீங்க நேரா எழுதலாம். ஆனா அது ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆய்வு உதவித்தொகைக்கும் பி.எச்.டி. சேர்க்கைக்கும் மட்டும்தான். உதவிப் பேராசிரியர் தகுதிக்குன்னா முதுகலை எந்தப் பாடமோ அந்தப் பாடத்துலதான் நெட். அதுக்குத் தத்துவத்துல எம்.ஏ. வேணும். நிறைய இடத்துல எந்தப் பட்டம் இருந்தாலும் சேர்த்துக்கறாங்க. இக்னோ தொலைநிலை எம்.ஏ.வும் அப்படித்தான், குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 4. பாண்டிச்சேரி பல்கலைக்கழகம்னா சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு: 75 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும்.

நெட் தத்துவத்துக்கு பேப்பர் எண் 03. முதல் தாள் 50 கேள்வி 100 மார்க், ரெண்டாம் தாள் 100 கேள்வி 200 மார்க், சேர்த்து 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. சூழல் அறவியல் இருக்கறது பத்தாவது அலகுல, பயன்பாட்டுத் தத்துவம்ங்கற தலைப்புல: லியோபோல்ட், நெஸ், விலங்கு விடுதலை பேசற சிங்கர், மூணு பேர் மட்டும். மத்த ஒன்பது அலகும் நியாயம், வேதாந்தம், பிளாட்டோ, கான்ட், விட்கன்ஸ்டைன். திருவள்ளுவர் சமகால இந்தியத் தத்துவ அலகுல உட்கார்ந்திருக்கார். சமகாலம்! கேள்வித்தாள் ஆங்கிலமும் இந்தியும்தான்.

ஜே.ஆர்.எஃப். கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வயசு வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு.

பாமணியாறு · ஜூன் 15, இரவு 9.15

அப்போ திணை வேண்டவே வேண்டாமா? எங்க ஊர்ல எல்லாரும் கை தட்டின வரி சார் அது.

கடைமடை · ஜூன் 15, இரவு 11.30

கை தட்டியவர்கள் சேர்க்கைக் குழுவில் இல்லை.

திணை என்பது செய்யுள் மரபு. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில். உரிப்பொருள் புணர்தல், பிரிதல் என மனித ஒழுக்கம். நிலமும் எருமையும் நாரையும் அங்கே வருவது தலைவியின் மனசைச் சொல்ல. ‘மருத நிலத்தை அழிக்கக் கூடாது’ என்ற விதி அதிலிருந்து பிறக்காது. இப்படி இருக்கிறது என்பதிலிருந்து இப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தாவினால், முதல் வருஷ மாணவர்கூட, அந்தத் தாவலைக் கேள்வி கேட்ட ஹ்யூமைக் காட்டி நிறுத்திவிடுவார். ‘உலகின் முதல்’ என்று நிரூபிக்க முடியாத ஒன்றையும் சேர்த்துத் தூக்கிச் சுமக்கிறீர்கள்.

நண்டுவளை · ஜூன் 16, காலை 7.50

தலைப்பு பத்தி ஒண்ணு கேக்கணும். கடல்ல ‘வீணா’ப் போகுதுன்னா யாருக்கு வீண்? பழையாறு முகத்துவாரத்துல நிக்கறவன்கிட்ட வந்து சொல்லிப் பாருங்க. கொள்ளிடத்துல நல்லதண்ணி வராத வருஷம் உப்பு எவ்வளவு தூரம் மேல ஏறுதுன்னு கரையோர ஊர்க் கைபம்பைக் கேட்டாலே சொல்லும். இறால் குஞ்சு, மடவை, நண்டு எல்லாம் வளர்றது உப்பும் நல்லதும் கலக்கற இடத்துலதான். பிச்சாவரமும் முத்துப்பேட்டை அலையாத்தியும் நிக்கறதும் அந்தக் கலப்புலதான்.

கடைமடை · ஜூன் 16, இரவு 10.10

நண்டுவளை கேட்ட கேள்விதான் ஆய்வு. பாமணியாறு, உங்கள் வரியை வாதமாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். துறையில் நுழைகிற எவரும் முதலில் பழக வேண்டிய வேலை இதுதான், பேப்பரும் பேனாவும் போதும்.

(1) மனிதருக்குப் பயன்படாமல் போகும் வளம் வீண்.
(2) கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும் நீர் மனிதருக்குப் பயன்படவில்லை.
(3) வீணாவதைத் தடுக்கும் கடமை நமக்கு உண்டு.
(4) ஆகவே அந்நீரைத் தடுக்க வேண்டும்.

நண்டுவளை அடித்தது (2)-ஐ. சரியான அடி. ஆனால் சூழல் ஆர்வலர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன: முகத்துவாரத்துக்குப் பயன் உண்டு, ஆகவே வீண் இல்லை, முடிந்தது கதை. அப்படி எழுதினால் (1)-ஐ நீங்களும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பயனே அளவுகோல், கணக்கில் மட்டும்தான் சண்டை. அது நீரியல். தத்துவம் ஆரம்பிக்கிற இடம் வேறு: (2) உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடவைகூட வளரவில்லை, ஒரு கைபம்பும் உப்புக் கரிக்கவில்லை. அப்போதும் ஆறு கடலைச் சேர்வதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ‘உண்டு’ என்றால் அந்த மிச்சம் என்ன? ‘இல்லை’ என்றால் உங்களுக்குச் சூழல் அறம் தேவையே இல்லை, நல்ல பாசனப் பொறியியல் போதும்.

இன்னும் சுவையான சங்கதி, இந்தக் குழப்பம் காவிரித் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த கணக்கில் சூழல் பாதுகாப்புக்கு 10 டி.எம்.சி., ‘தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போவது’ 4 டி.எம்.சி. என்று இரண்டு தனி வரிகள். முதலாவது ஒதுக்கீடு. இரண்டாவது பிடிக்க முடியாததால் விட்டது. ஒரே ஆறு, ஒரே கடல். ஒரு வரியில் அது பெறுபவர், அடுத்த வரியில் கசிவு. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே 20 பக்கம் எழுதலாம்.

வரப்பெலி · ஜூன் 17, காலை 8.25

ஒரு திருத்தம். அந்த 10-உம் 4-உம் 2018-இல வந்ததில்ல. 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்புலேயே இருக்கு: தமிழ்நாடு 419, கர்நாடகா 270, கேரளா 30, புதுச்சேரி 7, சூழலுக்கு 10, கடலுக்கு 4, மொத்தம் 740. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல தமிழ்நாட்டை 404.25 ஆக்கி கர்நாடகாவை 284.75 ஆக்குச்சு. மத்த நாலு வரியில கை வைக்கல. அதோட, 2007-இல எல்லையிலிருக்கற பிலிகுண்டுலுவில தமிழ்நாட்டுக்குத் தரச் சொன்ன 192 டி.எம்.சி.யே 182-ம் சூழலுக்கான 10-ம் சேர்ந்ததுதான். இப்போ அது 177.25.

கடைமடை · ஜூன் 17, காலை 8.50

சரி, 2007. தப்பு என்னுடையது. ஆய்வேட்டில் இப்படி ஒரு ஆண்டு பிசகினால் நேர்வாய்த் தேர்வில் அதையே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தொங்குவார்கள். தீர்ப்பு மூலத்தையே பாருங்கள், என்னை நம்பாதீர்கள்.

கோரைப்புல் · ஜூன் 17, இரவு 9.00

ரௌட்லியோட கடைசி மனிதன் மேட்டூர் ஷட்டரை மொத்தமாத் திறந்துட்டுச் செத்தா அது அறமா, அதிகப்பிரசங்கித்தனமா?

கடைமடை · ஜூன் 17, இரவு 9.20

93.47 டி.எம்.சி.யும் முழுசாக இருந்தால் அதிகப்பிரசங்கித்தனம்.

கேலி இருக்கட்டும், அந்த வாதத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். உலகத்தில் கடைசியாக மிஞ்சியவன், தான் போகும் முன் உயிருள்ளதையெல்லாம் அழிக்கிறான். பாதிக்கப்பட இனி மனிதரே இல்லை. ஆனாலும் அவன் தவறு செய்தான் என்று தோன்றினால், மனித நலனுக்கு வெளியேயும் ஏதோ ஒன்று கணக்கில் இருக்கிறது. வாதம் அவ்வளவுதான். எல்லாரும் பிழை விடுவது இங்கே: ‘தோன்றுகிறது’ என்பதை நிரூபணம் என்று எழுதிவிடுவது. நமக்கு உறுத்துகிறது என்பது அவனுடைய குணத்தின் மேல் உள்ள உறுத்தலாகவும் இருக்கலாம், மரத்தின் மதிப்பின் மேல் உள்ளதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கடைமடை · ஜூன் 19, காலை 5.40

‘வீண்’ பற்றி இன்னொன்று. தமிழிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. ‘காட்டில் எறித்த நிலவு, கடலில் பெய்த மழை’ என்பது பயனற்றதற்கு நாம் சொல்லும் பழமொழி. (1)-ஆம் எடுகோள் அப்படியே அதில் உட்கார்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் வான்சிறப்பில் 17-ஆம் குறள்: மேகம் திருப்பித் தராவிட்டால் நெடுங்கடலும் தன் இயல்பு குன்றும். பரிமேலழகர் அந்த ‘இயல்பு குன்றல்’ என்ன என்று விளக்குகிறார்: நீர்வாழ் உயிர்கள் பிறவாமை, மணி முதலியன படாமை. முதல் பாதி நண்டுவளை சொன்ன இறால் குஞ்சு. இரண்டாம் பாதி முத்து, மறுபடி மனிதப் பயன். ஓர் உரை வரிக்குள்ளேயே ஊசலாடுகிறது.

திணைக்குப் பதில் இதைத் தொடலாம். குறளைச் சாட்சியாகக் கூப்பிடாமல், ‘வீண்’ என்ற கருத்தை அறுத்துப் பார்க்க ஒரு கருவியாக.

நண்டுவளை · ஜூன் 19, இரவு 8.30

திணையை இவ்வளவு சுலபமா ஓரங்கட்ட வேண்டியதில்ல. நிலம் கருவியும் இல்ல, தனக்குத்தானே மதிப்புள்ள பொருளும் இல்ல, உறவுல மதிப்பு பெறுதுன்னு ஒரு மூணாவது வழி இப்போ நிறைய பேசறாங்க. 2016-க்கு அப்புறம் ‘உறவுசார் மதிப்பு’ன்னு தனி விவாதமே ஓடுது. நெய்தல் அதுக்கு நல்ல உதாரணம்.

கடைமடை · ஜூன் 19, இரவு 10.45

ஒத்துக்கொள்கிறேன், அவசரப்பட்டேன். திணையை ‘ஆழ்சூழலியல்’ என்று பெயர் மாற்றி விற்பதுதான் தப்பு. உறவுசார் மதிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டாக வைக்கலாம். ஆனால் விலையும் உண்டு: உறவில்தான் மதிப்பு என்றால், உறவு அறுந்த இடத்தில் மதிப்பும் போய்விடுமா? ஊரைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குப் போனவரின் வயலுக்கு என்ன மதிப்பு? அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இதோடு ‘உள்ளார்ந்த மதிப்பு’ என்ற சொல்லும். மூன்று அர்த்தங்களில் புழங்குகிறது: கருவியல்லாத மதிப்பு, பொருளின் உறவுசாராப் பண்புகளால் மட்டுமே வரும் மதிப்பு, மதிப்பிடுபவரைச் சாராத மதிப்பு. ஓ’நீல் 1992-இல் பிரித்துக் காட்டியது. முதல் அர்த்தத்தில் ஆரம்பித்து மூன்றாம் அர்த்தத்தில் முடிப்பது இந்தத் துறையின் தேசிய வியாதி. தமிழில் யோசிக்கும்போது ஒரே சொல்லாக வருவதால் இன்னும் சுலபமாக வழுக்கும்.

வரப்பெலி · ஜூன் 22, மாலை 4.15

திருவாரூர்க்காரங்க யாரும் மனுநீதிச் சோழனைச் சொல்லலையே! பசுவே வந்து மணி அடிச்சுது. விலங்குரிமைக்கு அதைவிட என்ன வேணும்?

கடைமடை · ஜூன் 22, இரவு 9.35

நல்ல உதாரணம். ஆனால் அளந்து பார்க்கணும். 1972-இல் கிறிஸ்டோபர் ஸ்டோன், மரங்களுக்கு வழக்காடும் தகுதி உண்டா என்று கேட்டு எழுதியபோது மூன்று நிபந்தனை வைத்தார். ஒன்று, அந்தப் பொருளின் பேரிலேயே வழக்குத் தொடுக்க முடியணும். இரண்டு, நிவாரணம் முடிவாகும்போது அதற்கு நேர்ந்த கேட்டை நீதிமன்றம் கணக்கில் எடுக்கணும். மூன்று, நிவாரணம் அதற்கே போய்ச் சேரணும்.

ஆராய்ச்சி மணி முதலாவதை அட்டகாசமாகத் தாண்டுகிறது, வக்கீல்கூட இல்லை. இரண்டாவதையும் தாண்டுகிறது: கன்றை இழந்த பசுவின் துயரம்தான் வழக்கு. மூன்றாவதில் விழுகிறது. இளவரசன் மேல் தேர் ஏற்றியதில் பசுவுக்கு என்ன கிடைத்தது? இறைவன் வந்து எல்லாரையும் எழுப்பியதை விட்டுவிடுங்கள், அது தீர்ப்பில் இல்லை. அரசன் செய்தது தன் செங்கோலைச் சரி பார்த்துக்கொண்டது. பசுவுக்குக் கடன்பட்டானா, அறத்துக்குக் கடன்பட்டானா? பசுவைக் குறித்த கடமைக்கும் பசுவுக்கே செலுத்த வேண்டிய கடமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கோயில் பக்கம் நிற்கும் கல்தேரைப் பார்த்துக்கொண்டே இந்த வித்தியாசத்தை விளக்கிவிடலாம்.

சட்டம் பக்கம் போனால்: உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் கங்கை, யமுனையைச் சட்ட நபர்கள் என்றது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2022 ஏப்ரலில் மதுரைக் கிளை இயற்கை அன்னையையே உரிமையுள்ள உயிருள்ள நபராக அறிவித்தது. அந்த வழக்கு என்ன தெரியுமா? மேகமலை வனநிலத்துக்குப் பட்டா கொடுத்ததாக ஒரு வருவாய்த்துறை ஊழியர் மேல் எடுத்த நடவடிக்கை. பணி விவகாரத்துக்குள்ளே இயற்கையின் உரிமை நுழைந்திருக்கிறது. ஸ்டோனின் மூன்றையும் இதன் மேல் வைத்துப் பாருங்கள்.

கோரைப்புல் · ஜூன் 24, காலை 11.00

கோடியக்கரைக் குதிரையை விட்டுட்டீங்களே. வெளிமானுக்குப் புல்லு பத்தல, குதிரை மேயுது. குதிரையை அப்புறப்படுத்தினா சிங்கர் கோவிப்பார், விட்டா லியோபோல்ட் கோவிப்பார்.

கடைமடை · ஜூன் 24, மதியம் 2.00

1980-இல் காலிகாட் விலங்கு விடுதலையையும் நில அறத்தையும் பிரித்தது, 1984-இல் சாகாஃப் அதை விவாகரத்து என்றது, இரண்டையும் படித்துவிட்டு கோடியக்கரைக்கு வாருங்கள். ராம்சார் தலம் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்), அயல் குதிரை, சீமைக் கருவேலம், எல்லாம் ஒரே இடத்தில். அங்கே கேள்வி ‘குதிரையா மானா’ மட்டும் இல்லை. பல தலைமுறை அங்கேயே பிறந்த குதிரை எப்போது ‘அயல்’ இல்லாமல் போகும் என்பதும்தான்.

பாமணியாறு · ஜூலை 2, இரவு 10.40

சரி, எழுத ஆரம்பிக்கிறேன். மாதிரிக் கட்டுரை எவ்வளவு நீளம்? என்ன வரிசையில எழுதணும்?

கடைமடை · ஜூலை 3, காலை 6.15

அமெரிக்கத் துறைகள் பெரும்பாலும் 10 முதல் 20 பக்கம் கேட்கும், இரட்டை இடைவெளியில். 15 பக்கத்துக்கு ஏறக்குறைய 4,000 சொற்கள். விண்ணப்பத்தில் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இதுதான், எஸ்.ஓ.பி. இதற்கு அடுத்தபடி. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைப் பல தத்துவத் துறைகள் கைவிட்டுவிட்டன. அந்தந்தத் துறையின் பக்கத்தில் பார்த்துவிட்டு, கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

என் கணக்கு இப்படி. முதல் ஒன்றரைப் பக்கத்துக்குள் உங்கள் கூற்று வந்துவிட வேண்டும், ஒரே வாக்கியமாக. ‘மனிதன் தோன்றிய காலம் முதல்’ என்று ஆரம்பித்தால் படிப்பவர் அங்கேயே மூடுவார். அடுத்த மூன்று பக்கம் எதிராளியின் வாதம், அவரே படித்தால் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு. உங்கள் விஷயத்தில் எதிராளி பிரயன் நார்ட்டன். மனித நலனைத் தொலைநோக்கோடு பார்ப்பவரும் இயற்கைக்கே மதிப்பு உண்டு என்பவரும் கடைசியில் ஒரே கொள்கைக்குத்தான் வந்து சேர்வார்கள் என்பவர் அவர். முகத்துவாரத்துப் பயனையெல்லாம் கூட்டினால் கடலுக்கு நீர் விடத்தான் வேண்டும், பிறகு ‘மிச்சம்’ பற்றி ஏன் கவலை என்று கேட்பார். அதற்கு ஆறு பக்கத்தில் பதில். பிறகு ஒரு பக்கம், உங்கள் பதில் எங்கே பலவீனம் என்று நீங்களே சொல்வது. இந்த ஒரு பக்கத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், தோற்றுவிடுவோம் என்ற பயத்தில். குழு தேடுவதே அதைத்தான்.

டெல்டா விவரம் மொத்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. குறுவை, சம்பா, தாளடி எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் அது வேளாண்மைக் கட்டுரை ஆகிவிடும். கல்லணையைக் கரிகாலன் கட்டியது, ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணை கட்டியது, எதுவும் வேண்டாம். மண்டையில் இருக்கட்டும்.

படிக்கிற முறை: ஒரு கட்டுரைக்கு மூன்று வாசிப்பு. முதலில் நிறுத்தாமல். இரண்டாவதில் எடுகோள்களை எண் போட்டு ஒரு தாளில். மூன்றாவதில் எந்த எண்ணை நீங்கள் மறுக்கிறீர்கள் என்று மட்டும். வாரத்துக்கு இரண்டு கட்டுரை தாங்கும், நாலு எடுத்தால் எதுவும் தங்காது. ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இலவசம். ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை திரையில் படிக்கலாம்.

ராமச்சந்திர குஹாவின் 1989 கட்டுரை கட்டாயம். மனிதரே இல்லாத காட்டைப் புனிதமாக்கும் அமெரிக்கப் பார்வையை இந்தியாவிலிருந்து கேள்வி கேட்டது. ஆனால் அதை மேற்கோள் காட்டிவிட்டு ‘மேற்கு தவறு, நாம் சரி’ என்று முடித்துவிடாதீர்கள்.

நண்டுவளை · ஜூலை 3, இரவு 9.10

அந்தக் கடைசி வரிக்கு ஒரு அடிக்குறிப்பு. ‘நம்ம முன்னோர் குடிமராமத்துல ஒத்துமையா ஏரி, வாய்க்கால் காத்தாங்க’ன்னு எழுதறவங்க, 1858-இல அதுக்கு ஏன் சென்னை மாகாணத்துல கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டி வந்துச்சுன்னும் சேர்த்து எழுதணும். யார் மண் வெட்டினா, யார் வரப்புல நின்னா? வெண்மணி இதே டெல்டாவுலதான், 1968 டிசம்பர் 25. நிலத்துக்கு மதிப்பு உண்டுன்னு சொல்லும்போது நிலமில்லாதவங்க எங்கே நிக்கறாங்கன்னு ஒரு கேள்வி வரும். அதுக்குத் தயாரா இருங்க.

உச்ச நீதிமன்றத்தோட 1996 டிசம்பர் 11 இறால் பண்ணைத் தீர்ப்பையும் அந்தக் கண்ணால படிங்க. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு. அதுல சூழலும் கூலி ஆளோட வாழ்வும் பிரியவே இல்ல.

வரப்பெலி · ஜூலை 5, மதியம் 12.30

பண விஷயம். அமெரிக்காவில் பி.எச்.டி.ன்னா பொதுவா கட்டண விலக்கு, கூடவே பயிற்று உதவியாளர் சம்பளம். எம்.ஏ.க்கு அது சில பேருக்குத்தான். சேர்க்கைக் கடிதத்துல கட்டண விலக்கு முழுசா, பாதியா, உள்மாநிலக் கட்டணமா, மருத்துவக் காப்பீடு சேர்த்தா, வருஷத்துக்கு 9 மாசமா 12 மாசமான்னு அஞ்சு கேள்வி கேளுங்க. நிதியோட வர்ற இடத்துக்கு ஏப்ரல் 15 வரைக்கும் பதில் சொல்ல அவகாசம் உண்டு, அதுக்கு முன்னாடி நெருக்கினா பயப்படாதீங்க.

மத்திய அரசோட தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துக்கு. வருமானம் 8 லட்சத்துக்குள்ள, வயசு 35-க்குக் கீழ, 60 சதவீதம் மார்க். ஆனா கவனம்: 2022-இல வந்த விதிப்படி இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவை மையமா வச்ச சமூக ஆய்வு எல்லாத்துக்கும் இது கிடையாது. ‘காவிரி டெல்டா’ன்னு தலைப்புல இருந்தாலே மாட்டும். அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துட்டுத் தலைப்பை வையுங்க.

இங்கிலாந்துக்கு செவனிங் உதவித்தொகை: 2,800 மணி நேர வேலை அனுபவம் கேக்கும், அதாவது ரெண்டு வருஷம்.

கடைமடை · ஜூலை 5, இரவு 10.00

வரப்பெலி சொன்ன விதி தத்துவக்காரர்களுக்கு ஒரு கதவையும் திறக்கிறது. ‘காவிரியில் நீர் வீணாதல்’ என்றால் இந்திய சமூக ஆய்வு. ‘வீண் என்ற கருத்தும் கருவியல்லாத மதிப்பும்’ என்றால் அறக்கோட்பாடு. ஏமாற்று வேலை இல்லை, இரண்டாவதுதான் உண்மையில் உங்கள் ஆய்வு. காவிரி அதில் ஓர் அத்தியாயம்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். வேளாண் கல்லூரிப் பேராசிரியர்கள் மூன்று பேரும் ‘கடும் உழைப்பாளி, ஒழுக்கமானவர்’ என்று எழுதினால் மூன்றும் ஒரே கடிதம். ஒருவராவது உங்கள் வாதத்தைப் படித்து எதிர்த்தவராக இருக்கணும். இப்போதே ஒரு தத்துவ ஆசிரியரைத் தேடி, கட்டுரையைக் கொடுத்து, திட்டு வாங்குங்கள். கெடுவுக்கு ஆறு வாரம் முன்னால் மூவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு, கட்டுரை, பல்கலைக்கழகப் பட்டியல், தேதிகள் போய்ச் சேரணும். பி.எச்.டி. கெடு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை வரும். அதாவது நவம்பர் முதல் வாரம்.

பாமணியாறு · அக்டோபர் 26, இரவு 11.15

நாலாவது வரைவு. முதல் பத்தி மட்டும் போடறேன்:

“ஆற்று நீர் கடலில் ‘வீணாகிறது’ என்ற கூற்றை மறுப்பவர்கள், முகத்துவாரத்துக்கு அந்நீர் தரும் பயன்களைச் சுட்டுகிறார்கள். அந்த மறுப்பு வெற்றி பெற்றாலும் தவறான இடத்தில் வெற்றி பெறுகிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ‘வீண்’ என்பது ஏற்கெனவே ஒருவருக்குச் சேர வேண்டியதாக இருந்த ஒன்று சேராமல் போவதைக் குறிக்கும். ஆகவே பயனைக் கணக்கிடும் முன், நீர் இயல்பாகவே யாருக்குச் சேர வேண்டியது என்ற கேள்விக்கு விடை தேவை.”

கடைமடை · அக்டோபர் 27, காலை 5.50

மூன்றாவது வாக்கியம் நான் ஜூனில் கொடுத்த (1)-ஐவிட நன்றாக இருக்கிறது. நான் ‘வீண்’ என்பதைப் பயனோடு கட்டினேன், நீங்கள் உரிமையோடு கட்டிவிட்டீர்கள். அப்படியானால் 10 டி.எம்.சி.க்கும் 4 டி.எம்.சி.க்கும் உள்ள வித்தியாசமும் உரிமை வித்தியாசம்தான், பயன் வித்தியாசம் இல்லை. அதை இரண்டாம் பத்தியிலேயே கொண்டுவாருங்கள்.

‘இயல்பாகவே’ என்ற சொல்லை எடுங்கள். அந்த ஒரு சொல்லில் மொத்த விடையையும் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

வரப்பெலி · அக்டோபர் 27, காலை 9.05

பக்க எண் போடலை. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் ரெண்டு வருஷம்தான் செல்லும், உங்களுது எப்போ எழுதினது?